பூவாயி கையில் கொடுத்த பெயர்

விருத்தாசலம்
6 ஆகஸ்ட் 2025

அன்பு மச்சான் கொளஞ்சிநாதனுக்கு,

தானே புயல் அடித்து, நம் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு மல்லாந்த வருஷம் அது. கரண்ட் கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. மெழுகுவர்த்தி விற்றவன் ராஜாவாக இருந்தான். நான் நெருப்புப் போட்டுக்கொண்டிருந்த பீங்கான் கம்பெனிச் சூளை அணைந்து, உள்ளே போன ஃபியூஸ் கட்டையெல்லாம் அரைவேக்காட்டில் நின்றுவிட்டது. அந்த வாரம்தான் உன் மருமகன், என் மகன் நந்தகுமார், மண்ணெண்ணெய் கிடைக்குமா என்று மங்கலம்பேட்டைக்கு வண்டியில் போனான். சாய்ந்த மரங்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரியில் அடிபட்டுச் செத்தான்.

இது உனக்குத் தெரியாததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. ஆனால் உன் ஊர் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார், "புள்ள போன துக்கத்துல ராஜாங்கம் கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாரு, எங்க அக்காவையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்று ஸ்ரீமுஷ்ணம் டீக்கடையில் நீ பேசுகிறாயாம். மச்சான், வண்டியை ரிவர்ஸில் ஓட்டுகிறாய். இழுத்தது யார், போனது யார் என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேள்.

போனில் சொல்லலாமென்றால் கண்டக்டர் வேலையில் ஏர் ஹாரன் தின்ற மிச்சம்தான் உன் காது. எனக்கோ எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பூர்ணிமா, எங்கள் தெருவில் தையல் தைக்கிறவள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மடித்துத் தைத்துவிடுகிறாள். தையல் விட்ட இடத்தில் நான் எட்டிப்பார்ப்பேன், பொறுத்துக்கொள்.

நந்தகுமார் காரியம் முடிந்தபின் உன் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. கம்பெனிக்கு வருவாள், சுடாத பச்சைக் கட்டைகளின் விளிம்பை ஈரத் துணியால் துடைப்பாள், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போவாள். நீயே வந்து "அக்கா, ஒரு வாய்" என்று கெஞ்சினாயே, அந்த நாட்கள்தான்.

அங்கே பூவாயி என்று ஒருத்தி மண் சுமந்தாள். பூர்ணிமாவின் அம்மா. பிறப்பிலேயே வேதக்காரி, என்னைப் போலவே கைநாட்டு. சாப்பாட்டு நேரத்தில் அவளும் இன்னும் சிலரும் காயப்போடும் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். அந்த வட்டத்தில் பூவாயி வைத்த சட்டம் ஒன்று உண்டு. யாரும் தன் குறையைத் தானே கேட்கக் கூடாது. அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். "நம்ம குறைய நாமளே கேட்டா அழுவ வந்துடும், பாதியில நின்னுடும். அடுத்தவங்களுதுன்னா முழுசா கேக்கலாம்" என்பாள்.

ஒருநாள் பூவாயி உன் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "என் மவ பூர்ணிமா பிரசவத்துக்குப் படுத்திருக்கா. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. நீ கேளேன்" என்றாள்.

உன் அக்கா தலையை ஆட்டினாள், முடியாது என்று.

"எங்க சாமிகிட்ட பேசத் தெரியாதுன்றியா? பக்கத்து வூட்டுல உப்பு கேக்கத் தெரியுமில்ல? அப்படிக் கேளு."

நான் சூளை வாயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, எத்தனையோ வாரமாகத் திறக்காத அந்த வாய் திறந்தது. "பூர்ணிமாவுக்கு நல்லபடியா ஆவட்டும்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு உடைந்து அழுதாள் பார், கம்பெனியே வேலையை விட்டு நின்றது. அழுது முடித்துத் தூக்கைத் திறந்து சாப்பிட்டாள்.

அப்போது எனக்கு அந்தச் சாமியும் தெரியாது, ஜெபமும் தெரியாது. என் பெண்டாட்டி சோறு தின்றாள், அதுதான் தெரிந்தது. அவள் முன்னால் போனாள் மச்சான். நான் வெகு தூரம் பின்னால் நடந்தவன்.

அக்டோபரோடு அவள் போய் ஒரு வருஷம், கோயிலில் வருஷப் பூசை. நீ வர வேண்டும்.

இப்படிக்கு,
மாமன் ராஜாங்கம்


ஸ்ரீமுஷ்ணம்
14 ஆகஸ்ட் 2025

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பூர்ணிமாவின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. விஷயம்தான் நன்றாக இல்லை.

அக்கா சாப்பிட்டாள், சந்தோஷம். அந்தப் பூவாயி அம்மாவுக்கு ஒரு கும்பிடு. டிக்கெட்டை அந்த ஸ்டேஜோடு கிழித்திருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததை ஏன் உங்கள் வண்டி நிற்காமல் தாண்டிப் போகிறது?

லாரி ஓட்டிய தமிழ்செல்வன் மேல் கேஸ் நடந்தபோது ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வந்தவன் யார்? லீவு கொடுக்காத முதலாளியிடம் திட்டு வாங்கியவன் யார்? என் மருமகனை நான் தோளில் தூக்கி வளர்த்தேன் மாமா. ஒருநாள் கோர்ட்டு வராந்தாவில் தமிழ்செல்வனின் தாய்மாமன் பாலகிருஷ்ணன், அந்த மீசைக்காரன், என்னைப் பார்த்துக் கை கூப்பி, "உங்க அக்காதாங்க எங்க புள்ளைக்காக தெனம் ஜெபம் பண்றாங்க" என்கிறான். அவன் துண்டைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். தள்ளிவிட்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். "உண்மையா அக்கா?" என்று கேட்டேன். "ஆமாண்டா" என்றாள். அந்த ஒரு வார்த்தை. அதோடு இறங்கிவிட்டேன், திரும்ப ஏறவில்லை.

போன வருஷம் அவள் போய்விட்டாள் என்று என் மகன் ராஜ்மோகன் சிலேட்டில் எழுதிக் காட்டினான். மனசு கேட்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புடவை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். உங்கள் தெருமுனையில் பெட்டி எதிரே வந்தது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவன் யார்? அதே தமிழ்செல்வன். மகனைக் கொன்றவன் தோளில் தாய் போகிறாள். கோடியோடு திரும்பி வந்துவிட்டேன். பை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

அப்பா அவளுக்கு நம் ஊர் அம்மன் பெயரை வைத்தார், விருத்தாம்பாள் என்று. அதையும் மாற்றி ஏதாவது மேரி என்று எழுதி வைத்திருப்பீர்கள். பூசைக்கு வர எனக்குச் சௌகரியப்படாது.

கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்
25 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

பெயரை முதலில் முடிப்போம். ஞானஸ்நானத்தின்போது சாமியார் ஒரு பெயர் சொன்னார். உன் அக்கா, "அப்படியே இருக்கட்டுங்க சாமி. என் தம்பி வாசல்ல வந்து நின்னா எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுவான்?" என்றாள். சாமியார் சிரித்துவிட்டு மரிய விருத்தாம்பாள் என்று வைத்தார். கல்லறைக் கல்லிலும் உன் அப்பா வைத்த பெயர் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது, பூர்ணிமா படித்துச் சொன்னாள்.

இனி தமிழ்செல்வன். நீ கேட்டாய், சொல்கிறேன்.

பாலகிருஷ்ணன் எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். விபத்துக்கு முன்பிருந்தே பூவாயி வட்டத்தில் உட்காருவான். விபூதி பூசிக்கொண்டே உட்காருவான், பூவாயி ஒன்றும் சொல்லமாட்டாள். விபத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. உன் அக்காதான் கேட்டாள், "பாலகிருஷ்ணன் ஏன் ஒதுங்கிப் போறாரு?" பூவாயிதான் சொன்னாள், "அவனுக்கு ஒரு குறை இருக்குது. அத எங்க யார் கையில குடுத்தாலும் உனக்குக் கேக்கும். அதான் வர்ல."

உன் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போனாள். அவன் லாரிக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். "என்ன குறை, என் கையில குடு" என்றாள். அவன் மாட்டேன் என்றான். "வேணாம் தாயீ, அத ஒன் கையில குடுக்கக் கூடாது" என்று அழுதான். "குடு" என்றாள். "என் அக்கா மவன் தமிழ்செல்வன். தூங்க மாட்றான். கெணத்தையே பாத்துக்கிட்டு நிக்கறான்" என்றான்.

கையில் வாங்கியதை மறுக்கக் கூடாது. அதுவும் பூவாயி சட்டம்தான். வாங்கிவிட்டாளே தவிர, உன் அக்காவால் சொல்ல முடியவில்லை. வட்டத்தில் அவள் முறை வரும், வாய் திறக்காது. மற்றவர்கள் காத்திருப்பார்கள். கம்பெனிச் சங்கு ஊதிவிடும், எழுந்து வேலைக்குப் போவார்கள். மறுநாளும் அப்படியே. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், "அவன் பேரு தொண்டையில மீன் முள்ளு மாதிரி குத்துதுங்க." நான் சொன்னேன், "துப்பிடு. யாரு உன்னைக் கட்டாயப்படுத்துனா?" அவள் சொன்னாள், "துப்புனா எனக்கு நல்லாயிடும். அவங்க அம்மாவும் ஒரு புள்ளைய எழவு குடுக்கணுமா?"

ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள். "தமிழ்செல்வன் கெணத்துப் பக்கம் போவாம இருக்கட்டும்." பூவாயி அவள் தலைமேல் கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் சூளைக் கதவை அடைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எத்தனையோ நெருப்பு பார்த்தவன் நான், அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்ததை இன்னதென்று எனக்குச் சொல்ல வராது. அந்த வெள்ளிக்கிழமைதான் என் மனசுக்குள் ஒன்று மண்டியிட்டது. கால் மண்டியிடப் பல வருஷம் ஆனது.

தமிழ்செல்வன் ஜெயிலுக்குப் போய் வந்தான். கேஸை ஜெபம் பண்ணிக் கலைத்துவிட்டாள் என்று நினைக்காதே. தண்டனை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவன் உயிரைத்தான் கேட்டாள். பெட்டிக்குத் தோள் கொடுக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. வந்து வாசலில் நின்றான். "நந்தகுமார் இருந்தா எந்த மூலையைத் தூக்குவானோ, அத நான் தூக்கட்டுங்களா?" என்று என்னைக் கேட்டான். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். அது அவள் சாவு மச்சான், அவள் பதிலைத்தான் சொன்னேன்.

ராஜாங்கம்


ஸ்ரீமுஷ்ணம்
5 செப்டம்பர் 2025

மாமா,

இரண்டுமுறை படித்தேன். மருமகள், "என்னா மாமா, முகம் ஒரு மாதிரி இருக்குது" என்றாள் போல. இப்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் வாயசைக்கிறார்கள், நான் ஊமைப்படம் பார்க்கிறேன். பேரப்பிள்ளை சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாது. பஸ் நிறையக் கூட்டத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் கத்தினவனுக்குக் கடைசியில் இந்த ஸ்டாப்பிங்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சாமிக்குக் காது கேட்குமா, இல்லை என்னைப் போலவா? அக்கா அத்தனை வருஷம் கேட்டாளே, என்ன கிடைத்தது? நந்தகுமார் எழுந்து வந்தானா?

சரி, அதை விடுங்கள். இன்னொன்று. இதைக் கேட்கத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்காகக் கேட்டாள். பூர்ணிமா பிரசவத்துக்குக் கேட்டாள். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன், கோபித்துக்கொண்டு போனேன். அத்தனை வருஷத்தில் எனக்காக ஒருநாளாவது கேட்டாளா? உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன்.

கொளஞ்சி


விருத்தாசலம்
12 செப்டம்பர் 2025

என் மச்சானுக்கு,

உண்மையைச் சொல்லச் சொன்னாய். இல்லை. உன் அக்கா உனக்காக ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்க முடியாது. சட்டத்தை மறந்துவிட்டாயா? தன் குறையைத் தானே கேட்கக் கூடாது. தமிழ்செல்வன் பாலகிருஷ்ணனுடைய குறை, அதனால் அவள் கேட்டாள். நீ அவளுடைய குறை. உன்னைத் தன் வாயால் கேட்டால் பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

நீ "ஆமாண்டா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போன மறுநாளே, உன்னைப் பூவாயி கையில் கொடுத்துவிட்டாள். "எந்தம்பி கொளஞ்சிநாதன் எங்கூட்டுக்கு வரணும். அவன் கோவத்துல நியாயம் இருக்குது. அந்தக் கோவம் அவனத் தின்னுடக் கூடாது." இவைதான் அவள் கொடுத்த வார்த்தைகள். எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பூவாயிக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனாலேயே ஒரு வார்த்தை மாறாமல் இருக்கிறது.

கையில் வாங்கிய குறையை அது தீருகிறவரை கீழே வைக்கக் கூடாது. சாகப்போகிறவர், சாகுமுன் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படி உன் பெயர் தினம் சொல்லப்பட்டது. நீ வெயிலில் விசில் ஊதிக்கொண்டிருந்தபோதும், உன் காது மங்கினபோதும், கோடிப் பையை ஆணியில் மாட்டின நாளிலும்.

நந்தகுமார் வரவில்லை. ஜெபம் பண்ணினால் செத்தவன் வருவான் என்று பூவாயி யாருக்கும் சொன்னதில்லை. பின்னே என்ன கிடைத்தது என்றால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளை போன வீட்டில் அடுத்தவர் பிள்ளைகளின் பெயர் தினம் கேட்டது. இப்போது அவளும் இல்லை. விடிந்ததும் சுவர்களெல்லாம் என்னையே பார்க்கும். நான் எழுந்து, கையில் இருக்கும் பெயர்களைச் சொல்ல ஆரம்பிப்பேன். சொல்லி முடிக்கும்போது வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். ஆண்டவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். பொய்யில்லை மச்சான், டீ போட்டுக் குடிக்கத் தெம்பு வந்துவிடும்.

உன் மாமன்,
ராஜாங்கம்

ஐயா, இனி எழுதுவது பூர்ணிமா. இவருக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நெஞ்சில் அடைப்பு இருக்கிறதென்று அடுத்த மாதம் புதுச்சேரி ஜிப்மரில் ஆபரேஷன். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றார். "பயந்துக்கிட்டு வந்தான்னா அது வந்ததா ஆவாது. அவனா வரணும்" என்கிறார். நான் அப்படியெல்லாம் காத்திருக்க மாட்டேன். உங்கள் அக்கா வாய் திறந்து கேட்ட முதல் பெயர் என்னுடையது. அந்த உரிமையில் சொல்கிறேன், வந்துவிடுங்கள்.


ஸ்ரீமுஷ்ணம்
17 செப்டம்பர் 2025

மாமா,

நீண்ட கடிதம் எழுத வரவில்லை. உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நித்தீஸ்வரன் கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். என்னை அத்தனை காலம் யாரோ தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், நான் சீட்டில் உட்கார்ந்து அவர்களையே திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பூவாயி அம்மா காலமாகிவிட்டதை இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் அவர் யார் கையில் கொடுத்தார்? அவரும் போயிருந்தால் அடுத்தது யார்? இப்போது என் பெயர் யார் கையில் இருக்கிறது? அந்த மனுஷர் உயிரோடு இருக்கிறாரா?

இருந்தால் அவர் வீடு எங்கே என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு வருவது அப்புறம். முதலில் அவர் முன்னால் போய் நின்று, "போதும், எறக்கி வைங்க. வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். பாவம், கை வலிக்கும்.

பூர்ணிமாவுக்கு: படித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கொளஞ்சி


விருத்தாசலம்
22 செப்டம்பர் 2025

அன்பு மச்சான்,

உன் கடிதத்தைப் பூர்ணிமா படித்தாள். கடைசி வரி ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இருக்கட்டும்.

யார் கையில் என்று கேட்டாய். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பூவாயி. உன்னைப் பார்த்ததே கிடையாது. உன் அக்காவிடம் "ஒன் தம்பி எப்படி இருப்பான்?" என்று கேட்டுக்கொண்டாள். "சுருட்டை முடி, சண்டைக்காரன், யாருக்கும் டிக்கெட் காசு பாக்கி வைக்கமாட்டான்" என்றாளாம் உன் அக்கா. அதிலிருந்து பூவாயி உன்னைச் "சுருட்டையன்" என்றுதான் ஆண்டவரிடம் சொல்வாள். சிறுநீரகம் கெட்டுப் படுத்தாள். கோணான்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழாவுக்கு எல்லாரும் போயிருந்த நாளில் உயிர் போனது. அதற்குமுன் ஆள் அனுப்பி நல்லமுத்துவைக் கூப்பிட்டு ஒப்படைத்தாள்.

நல்லமுத்து மண் குழைக்கிற கிழவன், திக்குவாய். உன் பெயர் அவனுக்கு மலை. "கொ... கொ..." என்று நிற்பான். சுற்றி இருப்பவர்கள் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். "நா... நானே சொல்றேன், பேசாம இருங்க" என்பான். சாப்பாட்டு நேரம் பாதி உன் பெயருக்கே போகும். கொரோனாவில் போனான். கிட்டே யாரையும் விடவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்றவனிடம் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி உன் பெயரை ஒப்படைத்தான். வாங்கியவன் யார் தெரியுமா?

பாலகிருஷ்ணன். நீ துண்டைப் பிடித்து இழுத்துத் தள்ளிய அதே மீசைக்காரன்.

நான் அவனைக் கேட்டேன். "ஒன்னத் தள்ளி வுட்டவன் பேரையாடா சொல்ற?" அவன் சொன்னான், "உங்க பொண்டாட்டி எங்க வூட்டுப் பேரச் சொன்னப்ப என்னா பாடுபட்டாங்கன்னு நான் பாத்தவன். எனக்கு இது என்னா பெரிய சொமை?" நாங்கள் கம்பெனி வேலையை விட்டு நின்ற பிறகு வட்டம் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. விபூதியோடு வருவான், கண்ணை மூடி உன் பெயரைச் சொல்லுவான், உன் அக்கா போட்ட டீயைக் குடிப்பான், போவான். அவள் போன அன்றைக்கும் சொன்னான். நீ தெருமுனையிலிருந்து திரும்பிப் போனதைப் பார்த்தவன் அவன்தான். உன் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுவரை வந்திருக்கிறான், கூப்பிட்டிருக்கிறான். உனக்குக் கேட்கவில்லை. இந்தச் சித்திரையில் அவனும் போய்விட்டான். நீ அவன் வீட்டுக்கு ஒரு மாலை எடுத்துப் போக வேண்டும். தமிழ்செல்வன்தான் கதவைத் திறப்பான், தெரிந்துகொண்டு போ.

பாலகிருஷ்ணன் சாகுமுன் ஒருவனைக் கூப்பிட்டான். அந்த ஆள் தயங்கினான். அவனுக்கு உன்மேல் வருத்தம் உண்டு. பெண்டாட்டியின் பெட்டியைப் பார்த்துவிட்டு மைத்துனன் முகம் திருப்பிப் போன வருத்தம். "நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்கே அவன்மேல கோவம் இருக்குதே" என்றான். பாலகிருஷ்ணனுக்குப் பேச மூச்சு இல்லை. கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். வாங்கிக்கொள்ளும்வரை விடவில்லை.

வாங்கியவனுக்கு முதல் சில நாள் வாய் வரவில்லை. மீன் முள் என்று அவள் சொன்னது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு காலையில் சொன்னான். அதிலிருந்து தினம் சொல்லுகிறான். இன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் பூர்ணிமாவைக் கூப்பிட்டான்.

வட்டத்தில் மிச்சம் அவன் ஒருத்தன்தான் இப்போது உயிரோடு இருக்கிறான். வீட்டுக்கு வழி கேட்டாயே. உனக்கு வழி தெரியும். அவன் பெயர் ராஜாங்கம்.